பியானோ முடியும்வரை பாட்டு முடியவில்லை

ஓபரா மேடையில் ஒரு சோப்ரானோவுக்குத் துணை நிறைய உண்டு. உடை, ஒப்பனை, விளக்கு, எதிரே நின்று பாட ஒரு டெனர், பின்னால் கோரஸ், மேடைக்குக் கீழே குழிக்குள் அறுபது எண்பது வாத்தியக்காரர்கள். அதே பாடகி தனிப்பாட்டுக் கச்சேரிக்கு வரும்போது இவற்றில் எதுவும் கூட வராது. மேடையில் ஒரு பியானோ இருக்கும், அதை வாசிக்க ஒருவர் இருப்பார். மைக் கிடையாது. இருபதோ இருபத்தைந்தோ பாட்டுகள், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடப் பாட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கவிதை. ஒன்றில் அவள் காத்திருக்கும் காதலி, அடுத்ததில் சாகக் கிடக்கும் குழந்தை, அதற்கடுத்ததில் ஆற்றங்கரையில் நிற்கும் ஊர்சுற்றி. உடை மாற்ற நேரமில்லை. குரலும் முகமும் பியானோவும்தான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும்.

அந்தப் பியானோ முன்னால் உட்காருகிறவர்களில் நானும் ஒருத்தி. நாகர்கோவிலில் கோயில் ஆர்கன் வாசித்த ஓர் ஆசிரியையிடம் படித்து, சென்னையில் டிரினிட்டி தேர்வுகள் எழுதி, லண்டனுக்கு வந்து, இங்கே இளம் பாடகர்களுக்கு வாசித்துப் பிழைக்கிறேன். இந்தக் கச்சேரி முறையின் வரலாற்றைப் பெரும்பாலும் பெரிய குரல்களின் வரிசையாகவே சொல்வார்கள். அந்த வரிசையைப் பியானோவின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்தக் கலை பிறந்ததே இருவர் சேர்ந்ததால்தான். இடையில் ஒருவர் பெயர் சிறுத்துப்போனது. அதை மீட்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடக்கம் வியன்னா. 1817இல் யோஹான் மிஹாயேல் ஃபோகல் என்ற பாரிடோனுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அரசவை ஓபராவின் நட்சத்திரம், நெடிய உருவம், கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். அவர் முன்னால் நண்பர்கள் கொண்டுவந்து நிறுத்திய பையன் ஃபிரான்ஸ் ஷூபர்ட். வயது இருபது, ஐந்தடியைத் தொட்டும் தொடாத உயரம், தந்தையின் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தவர். ஃபோகல் முதலில் அசட்டையாகத்தான் தாள்களைப் புரட்டினாராம். பிறகு அந்தத் தாள்களை அவரால் விட முடியவில்லை. பெரிய உருவமாக ஃபோகல் முன்னே நடக்க, குட்டையான ஷூபர்ட் பின்னே வரும் ஒரு கேலிச்சித்திரம் அந்தக் காலத்திலேயே வரையப்பட்டு இன்றும் இருக்கிறது. உருவத்தில் அந்தச் சித்திரம் சரியாக இருக்கலாம். இசையில் யாரும் யாருக்கும் பின்னால் நடக்கவில்லை.

1821 மார்ச் 7, சாம்பல் புதன். கெர்ன்ட்னர்டோர் அரங்கில் தர்ம காரியத்துக்காக ஒரு கச்சேரி. அதில் ஃபோகல் 'எர்ல்கோனிக்' பாடினார். இரவில், காற்றில், நோயுற்ற மகனை அணைத்தபடி தந்தை குதிரையில் விரைகிறார். பிள்ளையின் காதில் மட்டும் பேய் பேசுகிறது. குதிரையின் ஓட்டம் முழுவதும் பியானிஸ்டின் வலது கையில் இருக்கிறது. ஒரே சுரத்தை மூன்று மூன்றாக, நாலு நிமிடம் விடாமல் அடிக்க வேண்டும். மணிக்கட்டு கல்லாகிவிடும். எழுதிய ஷூபர்ட்டே தான் வாசிக்கும்போது அதை எளிமையாக்கிக்கொண்டார் என்று அவர் நண்பர்கள் பதிந்திருக்கிறார்கள். அன்றிரவு பியானோவில் உட்கார்ந்தது ஷூபர்ட் அல்ல, அவருடைய தோழர் அன்செல்ம் ஹூட்டன்பிரென்னர். சபை மறுபடியும் பாடச் சொல்லிக் கேட்டது. பதினெட்டு வயதில் எழுதிய அந்தப் பாட்டுதான் அதே ஆண்டு ஷூபர்ட்டின் முதல் படைப்பு என்ற எண்ணோடு அச்சேறியது.

1825 கோடையில் இருவரும் மேல் ஆஸ்திரியாவில் ஊர் ஊராகப் போனார்கள். ஷ்டையர், லின்ஸ், க்முண்டன், சால்ஸ்பர்க், காஸ்டைன். போன இடமெல்லாம் நண்பர் வீட்டுக் கூடங்களில் பாட்டு. அந்தப் பயணத்தில் ஷூபர்ட் தன் அண்ணன் ஃபெர்டினாண்டுக்கு எழுதிய கடிதம் எங்கள் தொழிலின் முதல் சாசனம் என்பேன். ஃபோகல் பாட நான் வாசிக்கும்போது அந்தக் கணத்தில் நாங்கள் ஒருவராகவே ஆகிவிடுகிறோம், இந்த மக்களுக்கு இது புதிதாகவும் இதுவரை கேளாததாகவும் இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதுகிறார். தனியாகப் பாட்டையும் அவர் பெருமைப்படுத்தவில்லை, தன் வாசிப்பையும் பெருமைப்படுத்தவில்லை. இரண்டும் ஒன்றான நிலையைச் சொல்கிறார். ஓர் ஓபராக்காரரும் ஒரு பியானோக்காரரும் இவ்வளவு நெருங்கி இசைத்தது அன்று புதுமைதான்.

தன் படைப்புகளுக்கென்று ஷூபர்ட் வியன்னாவில் பொதுக் கச்சேரி நடத்தியது ஒரே தடவை, 1828 மார்ச் 26. பீத்தோவன் இறந்து சரியாக ஓராண்டு. அதிலும் ஃபோகல் பாடினார், ஷூபர்ட் வாசித்தார். மூன்று நாளில் பகனினியின் வயலின் வியன்னாவில் ஒலித்தது. ஊர்ப் பேச்செல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நவம்பர் 19 அன்று, 31 வயதில், அறுநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளை விட்டுவிட்டு ஷூபர்ட் இறந்தார்.

'எர்ல்கோனிக்' கவிதையை எழுதியவர் கதே. அவருக்கு 1816இலேயே இந்தப் பாட்டை மற்றப் பாட்டுகளோடு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. 1825இல் ஷூபர்ட் தானே அனுப்பிய பாட்டுகளுக்கும் பதில் இல்லை. 1830இல் வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியன் என்ற சோப்ரானோ வைமார் வந்தார். பதினேழு வயதில் பீத்தோவனின் 'ஃபிதேலியோ'வில் லியோனோராவாக நின்று வியன்னாவை அசத்தியவர். எண்பது வயதுக் கதேயின் முன்னால் அவர் 'எர்ல்கோனிக்' பாடினார். கிழவர் எழுந்து அவர் நெற்றியில் முத்தமிட்டார். முன்பு கேட்டபோது தனக்குப் பிடிக்கவில்லை என்றும், இப்படிப் பாடினால் முழுவதும் கண்முன் ஒரு சித்திரமாக நிற்கிறது என்றும் சொன்னாராம். ஷூபர்ட் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. காகிதத்தில் கிடந்த பாட்டைக் கவிஞனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, நாடக மேடையில் வளர்ந்த ஒரு பெண்ணின் குரல் வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் பாட்டுக்கென்று தனிக் கச்சேரி இல்லை. பொதுக் கச்சேரி ஒரு கதம்பம். ஓர் ஓவர்ச்சர், ஓர் ஓபரா அரியா, பியானோ கான்செர்ட்டோவில் ஓர் அங்கம், இடையே இரண்டு பாட்டு. மக்கள் யாரைக் கேட்க வருவார்கள் என்பதில் சந்தேகமில்லை. 1846-47 குளிர்காலத்தில் கிளாரா ஷூமன் வியன்னாவில் கச்சேரிகள் நடத்தினார். ஐரோப்பாவின் முதல்தரப் பியானிஸ்டுகளில் ஒருவர்; பதினெட்டு வயதிலேயே அதே ஊரில் பேரரசரின் பட்டம் பெற்றவர். இந்த முறை கூடம் நிரம்பவில்லை. ஜனவரி 1 அன்று கணவர் ராபர்ட்டின் கான்செர்ட்டோவும் முதல் சிம்பனியும் அரங்கேறின; வசூல் செலவைக்கூட எட்டவில்லை. ஜனவரி 10 கச்சேரிக்கு ஸ்வீடனைச் சேர்ந்த சோப்ரானோ ஜென்னி லிண்ட் தானே முன்வந்து பாடினார். இடம் கிடைக்காமல் ஆட்கள் திரும்பினார்கள். நஷ்டம் தீர்ந்து லாபமும் வந்தது. லிண்ட் மீது கிளாராவுக்கு உண்மையான அன்பு உண்டு. ஆனாலும் தன் வாசிப்பு முழுவதும் செய்ய முடியாததை அந்தப் பெண்ணின் ஒரு பாட்டு செய்துவிட்டதே என்ற கசப்பை அவரால் மறைக்க முடியவில்லை. அந்தக் கசப்பை நான் மதிக்கிறேன். பியானோ முன்னால் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

ராபர்ட் ஷூமன் கிளாராவை மணந்த 1840இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதினார். பியானோக்காரியைக் காதலித்தவர் எழுதிய பாட்டுகள் அவை. அதுவரை யாரும் கொடுக்காத இடத்தைப் பியானோவுக்குக் கொடுத்தார். 'டிஷ்டர்லீப' பதினாறு பாட்டுகளின் கோவை. பதினாறாவதில் கவிஞன் தன் காதலையும் துயரத்தையும் பெட்டியில் போட்டுக் கடலில் எறிந்துவிட்டுப் பேச்சை நிறுத்துகிறான். பிறகு பியானோ தனியாகத் தொடங்குகிறது. முன்னால் வந்த ஒரு பாட்டின் நினைவு திரும்புகிறது, கசப்பு கரைகிறது, மன்னிப்பு போன்ற ஒன்று வருகிறது. அந்த மன்னிப்புக்குக் கவிதையில் வார்த்தை இல்லை. 'ஃபிராவன்லீப உண்ட் லேபன்' எட்டுப் பாட்டுகளில், கணவனைப் பறிகொடுத்த பெண் கடைசியில் மௌனமாகிறாள். பியானோ அவள் அவனை முதன்முதல் பார்த்த நாளின் இசையைத் திரும்ப வாசிக்கிறது. 'டிஷ்டர்லீப' 1844இல் அச்சானபோது ஷூமன் அதை ஷ்ரோடர்-டெவ்ரியனுக்குக் காணிக்கையாக்கினார்.

யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னோடு இந்த எட்டுப் பாட்டுகளைப் பயின்றாள். நல்ல சோப்ரானோ, ஓபராவில் ஆசை. முதல் ஒத்திகையில் தன் கடைசி வரியைப் பாடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் பாடி முடிச்சிட்டன், அன்ரி. நீங்கள் இன்னும் வாசிக்கிறீங்கள். அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது?"

"கேளும்மா. நீ கேட்டாத்தான் சபையும் கேக்கும்" என்றேன்.

அவள் அதைச் செய்யப் பழக ஒரு பருவம் பிடித்தது. கையை எங்கே வைப்பது, எங்கே பார்ப்பது, மூச்சை எப்போது விடுவது. ஓபராவில் பாடகி மௌனமானால் காட்சி வேறொருவரிடம் போய்விடும். இங்கே அவள் நின்றபடியே பியானோவிடம் தன்னை ஒப்படைக்க வேண்டும்.

ஒரு பாட்டுக்கோவையை முழுதாகச் சபையில் பாடலாம் என்று காட்டியவர் யூலியுஸ் ஷ்டாக்ஹவுசன். அவரும் ஓபரா பாடிய பாரிடோன். 1856இல் வியன்னாவில் ஷூபர்ட்டின் 'டி ஷோன முல்லரின்' இருபது பாட்டுகளையும் ஒரே அமர்வில் பாடினார். 1861இல் ஹாம்பர்க்கில் 'டிஷ்டர்லீப' முழுவதையும் பாடினார், பியானோவில் இசையமைப்பாளர் பிராம்ஸ். கதம்பக் கச்சேரியிலிருந்து பாட்டு தனியாகப் பிரிந்து நின்றது இப்படித்தான். பிறகு ஹூகோ வோல்ஃப் வந்தார். 1888இல் மட்டும் எடுவார்ட் மோரிகேயின் கவிதைகளுக்கு 53 பாட்டுகள். அச்சிட்ட நூலின் முகப்பில் கவிஞர் பெயரை முதலில் போட்டு, குரலுக்கும் பியானோவுக்கும் என்று இரண்டையும் சரிசமமாக எழுதினார்.

1894 செப்டம்பர் 10 அன்று ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், பாலினே டி ஆனா என்ற சோப்ரானோவை மணந்தார். அதே ஆண்டு மே மாதம் அவருடைய முதல் ஓபரா 'குன்ட்ராம்' வைமாரில் அரங்கேறியபோது நாயகியாகப் பாடியவர் பாலினே. கல்யாணப் பரிசாக ஸ்ட்ராஸ் கொடுத்தது நான்கு பாட்டுகள். அவற்றில் கடைசி 'மோர்கன்'. பியானோ மட்டும் ஒரு முழு மெட்டையும் வாசித்து முடிக்கப் போகிறது. அந்த நேரத்தில் குரல், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பேச்சில் சேர்ந்துகொள்வதுபோல், 'மேலும்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. மனைவிக்கு எழுதிய பாட்டில் கணவன் நல்ல மெட்டைப் பியானோவுக்கு வைத்திருக்கிறான். அவள் பாட, அவன் வாசிக்க, பல ஊர்களில் இருவரும் கச்சேரி செய்தார்கள்.

இதுவரை சொன்ன ஷூபர்ட், பிராம்ஸ், ஸ்ட்ராஸ் எல்லாரும் இசை எழுதியவர்கள், வாசித்தவரும் அவர்களே. அதனால் அவர்களை யாரும் இரண்டாம் ஆளாகப் பார்க்கவில்லை. எழுதியவர் போய், வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர் அந்த இருக்கைக்கு வந்தபோதுதான் பெயர் சிறுத்தது. பாடகியின் பெயர் சுவரொட்டி முழுக்க. கீழே பொடி எழுத்தில் பியானோக்காரர்.

பியானோவும் அதற்குள் மாறியிருந்தது. ஷூபர்ட் வாசித்தது மரச்சட்டமும் தோல் போர்த்திய சுத்தியல்களும் கொண்ட இலேசான வியன்னாப் பியானோ. குரலை அது மூழ்கடிக்காது. 1853இல் பெக்ஸ்டைன், ஸ்டைன்வே, புளூட்னர் என்று மூன்று பெரிய கம்பெனிகள் தொடங்கின. இரும்புச் சட்டம், இறுகிய கம்பிகள், பெரிய கூடத்தை நிரப்பும் நாதம். அந்த வலிமையைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லப் பேசுவது எங்கள் வேலையானது. மூடியைச் சாத்தச் சொல்லும் பாடகர்கள் இன்றும் உண்டு. மூடி திறந்திருந்தால் நாதம் தெளிவாக வரும், சாத்தினால் மங்கும். சத்தத்தைக் குறைக்க வேண்டியது விரல், மூடி அல்ல.

பெக்ஸ்டைன் கம்பெனி லண்டனில் விக்மோர் தெருவில் தன் பியானோக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு கச்சேரிக் கூடம் கட்டியது. வரைந்தவர் சவாய் ஹோட்டலை வரைந்த தாமஸ் கோல்கட். 1901 மே 31 அன்று திறப்பு விழாவில் பியானிஸ்ட் பூசோனியும் வயலின் மேதை இசாயும் வாசித்தார்கள். ஐநூற்றைம்பது பேர் அளவுக்குத்தான் இடம். மேடைக்கு மேலே அரைவட்டக் குவிமாடத்தில் இசையின் ஆன்மா ஒளிப்பிழம்பை நோக்கி நிற்கும் ஓவியம். ரகசியம் சொன்னால் கடைசி வரிசையில் கேட்கும். ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிப் பாடிப் பழகிய குரல் இங்கே பாதியாகக் குறைய வேண்டும். குறைத்தும் நிறம் போகாமல் இருக்க வேண்டும். பல பெரிய ஓபராக் குரல்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

முதல் உலகப் போர் வந்தது. பெக்ஸ்டைன் ஜெர்மன் கம்பெனி, ஆகவே எதிரிச் சொத்து. 1916இல் கூடம், கடை, 137 பியானோக்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஏலம் விட்டார்கள். 56,500 பவுண்டுக்கு டெபன்ஹாம்ஸ் என்ற கடை நிறுவனம் வாங்கியது. கட்டும் செலவு அதைவிட எவ்வளவோ அதிகம். 1917இல் விக்மோர் ஹால் என்ற புதுப் பெயரோடு கதவு திறந்தது. ஜெர்மன் பெயரை அழித்தவர்களால் ஜெர்மன் பாட்டை அழிக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் ஷூபர்ட்டும் வோல்ஃபும் திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் போரில் லண்டன் வேறு மாதிரி நடந்துகொண்டது. தேசிய ஓவியக் கூடத்தின் படங்களையெல்லாம் பாதுகாப்புக்கு அப்புறப்படுத்தியிருந்தார்கள். அந்த வெற்றுச் சுவர்களுக்குள் பியானிஸ்ட் மைரா ஹெஸ் 1939 அக்டோபர் 10 முதல் மதியக் கச்சேரிகள் தொடங்கினார். நுழைவு ஒரு ஷில்லிங். 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு லண்டனில் குடியேறிய மெஸ்ஸோ எலேனா கெர்ஹார்ட் அங்கே ஜெர்மன் பாட்டுகளை ஜெர்மனிலேயே பாடினார். ஜெர்மனியோடு போர் புரிந்த ஊரின் மக்கள் அமர்ந்து கேட்டார்கள்.

அந்த ஆண்டுகளில்தான் எங்கள் தொழிலுக்கு ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். ஜெரால்டு மூர், 1899இல் வாட்ஃபோர்டில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, லண்டனுக்குத் திரும்பியவர். டெனர் ஜான் கோட்ஸ் தன்னைக் கண்டித்துத் திருத்தி ஆளாக்கினார் என்று நன்றியோடு எழுதியவர். 1943இல் 'தி அனஷேம்டு அக்கம்பனிஸ்ட்' என்ற சிறு நூலில், துணை வாசிப்பவன் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வாதாடினார். மேடைமேடையாகப் பேசியும் வாசித்தும் காட்டினார். பாடகிக்கு மூச்சு எங்கே தேவை என்று அவளுக்கு முன்பே தெரிந்திருப்பது, அவள் குரல் களைத்த நாளில் பாட்டை அரைச் சுருதி இறக்கி அங்கேயே வாசிப்பது, சொல்லின் மெய்யெழுத்துக்குக் காத்திருந்து உயிரெழுத்தோடு சுரத்தை இறக்குவது. கடைசியாகச் சொன்னது முக்கியம். மெய்யோடு சேர்த்து அடித்தால் சொல் நசுங்கிவிடும். இதைச் சபை கவனிக்காது. பாட்டு தெளிவாக இருந்தது என்று மட்டும் சொல்லும். நம் கச்சேரியில் மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு, கைதட்டல் உண்டு. இங்கே தனி கிடையாது. பாட்டின் உள்ளேயே நின்று சொல்வதைச் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் ஓபராவின் பெரிய பெயர்களும் பியானோக்காரரைச் சமமாக மதிக்கத் தொடங்கினார்கள். லோட்டே லேமன் சால்ஸ்பர்க்கில் பாடியபோது பியானோவில் உட்கார்ந்தவர் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் புரூனோ வால்டர். 1953இல் அங்கேயே எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் வோல்ஃப் பாட்டுகளைப் பாட, இன்னொரு நடத்துநரான ஃபுர்ட்வெங்லர் வாசித்தார். அதே ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் 26 வயது லியான்டைன் பிரைஸ், சாமுவேல் பார்பரின் 'ஹெர்மிட் சாங்ஸ்' பத்தையும் முதன்முதலாகப் பாடினார், வாசித்தவர் பார்பரே. ஷூபர்ட்டும் ஃபோகலும் இருந்த இடத்தில் அமெரிக்கக் கறுப்பினச் சோப்ரானோ ஒருவரும் ஓர் இசையமைப்பாளரும்.

இரண்டு விடைபெறல்களைச் சொல்லி முடிக்கிறேன். 1951 பிப்ரவரி 16, நியூயார்க் டவுன் ஹால். லோட்டே லேமன் இதுவே தன் கடைசி நியூயார்க் கச்சேரி என்று மேடையிலேயே அறிவித்தார். பியானோவில் பால் உலனோவ்ஸ்கி. இறுதியில் ஷூபர்ட்டின் 'ஆன் டி மூசிக்'. இசைக்கு நன்றி சொல்லும் அந்தப் பாட்டின் கடைசி வார்த்தைகளில் லேமனுக்குக் குரல் அடைத்துப் பாட முடியாமல் போனது. உலனோவ்ஸ்கி வாசித்துப் பாட்டை முடித்துவைத்தார். 1967 பிப்ரவரி 20, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். ஜெரால்டு மூர் ஓய்வு பெறுகிறார். அவருக்காக ஷ்வார்ட்ஸ்கோஃப், விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலஸ், டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் மூவரும் ஒரே மேடையில் பாடினார்கள். துணை வாசிப்பவர் ஒருவரின் பெயருக்காகச் சபை நிறைந்த இரவு அது. கடைசியில் மூர் தனியாக வந்து உட்கார்ந்து அதே 'ஆன் டி மூசிக்' பாட்டைக் குரலில்லாமல் வாசித்தார். ஒரு மேடையில் பாடகியால் முடியாதபோது பியானோ பாட்டைக் காப்பாற்றியது. மற்றதில் பியானோவே பாடியது. கிளாராவின் கசப்புக்கு நூற்றிருபது ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் என்று இதைக் கொள்கிறேன்.

இன்று விக்மோர் ஹாலின் அறிவிப்புகளில் பாடகி பெயரும் பியானிஸ்ட் பெயரும் சேர்ந்தே வருகின்றன. பாட்டும் அதன் பியானோவும் முடியும்வரை பக்கத்தைத் திருப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சி ஏட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இணையத்தில் இந்தப் பாட்டுகள் எல்லாம் எளிதில் கிடைக்கின்றன. 'மோர்கன்' பாட்டிலிருந்து தொடங்குங்கள், பிறகு 'எர்ல்கோனிக்', பிறகு ஷூமனின் எட்டுப் பாட்டுகள். மொழி புரியவில்லை என்று தயங்க வேண்டாம். கவிதையின் பொருளை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டால் போதும். ஒன்று மட்டும் வேண்டுகிறேன். குரல் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். பியானோ முடியும்வரை கேளுங்கள், வாசித்தவர் பெயரையும் பாருங்கள்.